ஜட்ஜம்மா கேட்ட கேள்வி

"அக்கா, மறந்துடாதே. ஜட்ஜம்மா கேட்டா, கூரை ஒழுகுது, ரிப்பேர் பண்ணணும்னு சொல்லு."

கோர்ட் வாசலில் பத்தாவது தடவையாகப் பாடம் நடத்தினான் டெல்மர்.

"சரிடா, சரிடா" என்றாள் வெர்லீன், கைத்தடியை ஊன்றியபடி.

லாரி மோதி அவள் கால் விளங்காமல் போனதற்கு நஷ்டஈடாக மாதம் ஆயிரத்து நானூறு டாலர் வருகிறது. இன்னும் பன்னிரண்டு வருஷம் வரும். அதை அப்படியே எழுதிக் கொடுத்தால், அறுபதாயிரம் டாலரை மொத்தமாகக் கையில் தர ஒரு கம்பெனி தயார். ஆனால் மிசிசிப்பியில் ஜட்ஜ் சரியென்றால்தான் அது நடக்கும்.

அந்தப் பணத்தில் பார்பிக்யூ வண்டி போட வேண்டும் என்று டெல்மருக்கு ஆசை. ஏற்கெனவே இறால் கடை, கார் கழுவும் கடை இரண்டையும் இழுத்து மூடிய கெட்டிக்காரன்!

உள்ளே வெர்லீன் வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்தாள்.

"இந்தப் பணத்தை வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார் ஜட்ஜம்மா.

"கேசினோவுக்குப் போகப் போறேன்மா."

டெல்மருக்குப் புரை ஏறிவிட்டது.

"முழுப் பணத்தோடயுமா?"

"ஒரு டாலர் மிச்சம் வைக்க மாட்டேன். பிலாக்ஸியில ரூம் போட்டுத் தங்கி ஆடுவேன்."

கம்பெனி வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். ஜட்ஜம்மா அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"அனுமதி கிடையாது. மாசாமாசம் வாங்கிக்குங்க."

என்ன பெண்பிள்ளையோ! ஐம்பத்தெட்டு வயதில் சூதாட்ட ஆசை. தம்பி பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு, சிரித்த முகமாக வேறு வெளியே வந்தாள்.

டெல்மர் அவள் கையைப் பிடித்துப் படி இறக்கிவிட்டான். பிறகு பர்ஸிலிருந்து இருபது டாலரை எடுத்து நீட்டினான்.

"இப்படி ஒரு ஆசை இருக்குன்னு சொல்லியிருக்கலாமே அக்கா! நான் பாட்டுக்கு வண்டி வண்டின்னு உன் உயிரை வாங்கிட்டேன். இந்தா, ஒரு நாள் போய் ஆசை தீர ஆடிட்டு வா."

வெர்லீனுக்குக் கண் கலங்கிவிட்டது. நடுத்தெருவில் அவனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்து அனுப்பினாள்.

காரில் காத்திருந்த சர்ச் சிநேகிதி எர்னஸ்டின் விஷயத்தைக் கேட்டு வாயைப் பிளந்தாள்.

"அடியே, குலுக்கல் சீட்டைக்கூடப் பாவம்னு தொடமாட்டியே! சத்தியம் பண்ணிட்டுப் பொய்யா?"

"பொய் என்னடி பொய்? ஜட்ஜம்மா சரின்னிருந்தா நிஜமாவே போய்த் தொலைச்சிருப்பேன்!"

சிரித்த சிரிப்பில் எர்னஸ்டினால் சாவியைத் திருக முடியவில்லை.

"தர முடியாதுன்னு அவன்கிட்ட நேரா சொல்றதுக்கென்ன?"

"தூக்கி வளர்த்த பிள்ளை மூஞ்சி வாடுறதை யாருடி பார்க்கிறது? ஜட்ஜம்மா சொன்னா கோபம் அவங்களோட போகும்."

"சரி, வீட்டுக்குத்தானே?"

"இல்லடி, டெல்மரோட வீட்டு ஓனர்கிட்ட விடு. இந்த மாசப் பணம் வந்தாச்சு, அவன் வாடகையைக் கட்டணும். மூணு வருஷமா சர்ச்தான் கட்டுதுன்னு நம்பிக்கிட்டு இருக்கான், பைத்தியக்காரன்!"