மலையடியில் பொத்தான்கள்

கட்டுகஸ்தோட்டையில் ஜெஸ்மினின் மேசைமேல் ஒரு மலை நிற்கிறது. மாயக்கதைப் புத்தகம் ஒன்றில் வரும் நாட்டை அவள் கூட்டாளிகளுக்காக விளையாட்டாக மாற்றியிருக்கிறாள். பச்சைத் துணி போர்த்திய சட்டி மலை; தீப்பெட்டிகள் வீடுகள்; சட்டைப் பொத்தான்கள் சனங்கள். வெளியே தகரக் கூரையில் மழை. "புத்தகத்துல மலை சரிஞ்சு ஊரே போயிரும்ல? டைஸ உருட்டு. என்னா, பயந்துட்டியா?" என்று ரொனி சீண்டுகிறான். அப்போதுதான் ஜெஸ்மின் எதிரே டெரன்ஸின் முகத்தைப் பார்க்கிறாள். போன மழையில், தெல்தோட்டைப் பக்கம் மண்சரிவில் தங்கையைப் பறிகொடுத்தவன். மாதாவே, இதை எப்படி மறந்தேன்? பகடையை உருட்டாமல் உள்ளங்கைக்குள் மூடிக்கொள்கிறாள். டெரன்ஸ் மலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்கிறான்: "அந்த ஊருல மணியடிச்சு எழுப்பிவிட யாருமே இல்லையா?" புத்தகத்தில் இல்லை. "இருக்காங்க," என்கிறாள் ஜெஸ்மின். "கோயில் மணிக்காரன் நீதான். அடி." அவன் தேத்தண்ணிக் கோப்பையைக் கரண்டியால் தட்டுகிறான். ரொனி பொத்தான்களை ஒவ்வொன்றாக மேசையின் மறுகோடிக்கு நகர்த்துகிறான். ஊர் காலியாகிவிட்டது. ஒரு சின்ன வெள்ளைப் பொத்தானை மட்டும் இடக்கைக்குள் பொத்திக்கொண்டு, டெரன்ஸ் இன்னும் தட்டிக்கொண்டே இருக்கிறான்.