உச்சியில் நின்ற கொடிக்கம்பம்

ஒரு மலையுச்சியில் இரும்புக் கொடிக்கம்பம் ஒன்று நின்றது. முதன்முதலில் அங்கே ஏறியவர்கள் நட்டுவிட்டுப் போனது. கொடி காற்றில் கிழிந்து பறந்துபோன பிறகும் கம்பத்தின் பெருமை மட்டும் குறையவில்லை.

"இந்த மலையை ஜெயிச்சவன் நான்தான், தெரியுமா அக்கா?" என்று அந்தச் சரிவைக் காத்துவந்த கிழட்டு வரையாட்டிடம் தினமும் கேட்கும்.

"தெரியாம என்ன? உன்னைச் சுமந்து வந்த மனுஷர் உச்சிக்கு வந்ததும் குழந்தை மாதிரி தேம்பி அழுதாரே! எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சுப்போச்சு" என்று சொல்லிவிட்டு, புல் தேய்ந்த பக்கத்தை விட்டு வேறு வழியில் மந்தையை அழைத்துப் போகும் வரையாடு.

ஒரு மழைக்காலத்தில் சூறைக்காற்று அடித்தது. அடிமண் கரைந்து கம்பம் சாயத் தொடங்கியது. நேர் கீழே பாறையிடுக்கில் குட்டிகள் ஒடுங்கியிருந்தன.

"அக்கா, விழப்போறேன்!" என்று அலறியது கம்பம்.

"நான் இருக்கேன், பயப்படாதே." வரையாடு ஓடி வந்து தோள் கொடுத்தது. காற்று ஓயும்வரை நகரவில்லை. பிறகு கற்களை உருட்டி வந்து கம்பத்தின் அடியில் முட்டுக்கொடுத்தது.

கோடையில் புதிதாக ஒரு குழு ஏறி வந்தது. "எத்தனை புயலைத் தனியாத் தாங்கியிருக்கு!" என்று கம்பத்தைத் தட்டிக்கொடுத்தார்கள்.

"தனியா இல்லைங்க! அக்காதான் என்னைத் தாங்கினாங்க!" என்று கம்பம் உரக்கக் கத்தியது. மனிதர்களுக்கு அது கேட்கவில்லை.

சரிவில் படுத்திருந்த வரையாடு தலைநிமிர்ந்து பார்த்தது.

"மெதுவாப் பேசுடா, குட்டிங்க தூங்குது."