மத்தியானத் தூக்கம்

"ஏழு பிள்ளைங்க! மத்தியானம் ஒரு மணிக்குப் படுத்தா மூணு மணி வரைக்கும் மூச்சுக் காட்டுறதில்ல. அது எப்படிம்மா?"

கனகராஜ் கையில் பிரித்த பார்சல். தம்போயில் அந்தத் தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு அவர்தான் அட்மின். அதனால் ஊர் உலகத்துக்கே தான்தான் பொறுப்பு என்று ஒரு நினைப்பு.

தன் வாசலில் நின்ற பக்கத்து வீட்டு ஷர்மினிக்கு முகம் வெளுத்தது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். அதுதான் அவள் பிழைப்பு.

"அங்கிள், அது என் பேருக்கு வந்த பார்சல்..."

"கூரியர்காரன் என் வீட்டு கேட்ல மாட்டிட்டுப் போயிட்டான். என் வீட்டுக்கு எது வந்தாலும் நான் பிரிச்சிடுவேன். நல்லவேளை பிரிச்சேன்! மெலடோனின். தூக்கம் வர்றதுக்கு. அதுவும் மிட்டாய் மாதிரி! யாருக்கு இது? உனக்கா?"

"இல்ல அங்கிள்."

"உன் வீட்டுக்காரனுக்கா?"

"இல்ல."

"அலாமாக்! அப்ப பிள்ளைங்களுக்குத்தான்!"

"ஐயோ, சத்தியமா இல்ல அங்கிள். ஒரு பிள்ளைக்குக்கூடக் கொடுத்ததில்ல."

"பின்ன யாருக்கு?"

அவள் பார்சலை வாங்கக் கை நீட்டினாள்.

"நான் என்ன மடையனா? முன்னெல்லாம் மத்தியானம் நான் கரோக்கே போட்டா, உன் வீட்டுல ஏழும் சேர்ந்து கத்தும். இப்ப மூணு மாசமா ஒரு சத்தம் இல்ல. எனக்கு அப்பவே சந்தேகம்லா!"

கொட்டாவி வந்தது. விட்டுவிட்டுத் தொடர்ந்தார்.

"என்னைப் பாரு. அறுபத்தெட்டு வயசு. முட்டிவலிக்கு ஒரு வைட்டமின், அதோட சரி. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தா அடிச்சுப்போட்ட மாதிரி தூக்கம். ஏன்? ஒழுக்கம்!"

போனை எடுத்து போத்தலைப் படம் பிடித்தார். 'பெற்றோர்களே உஷார்' என்று தட்டினார்.

ஷர்மினிக்கு அழுகை வந்துவிட்டது.

"வேணாம் அங்கிள். இதைப் போட்டீங்கன்னா நாளைக்கே எல்லாரும் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

"அப்ப யாருக்குன்னு சொல்லு."

"சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"அப்ப அனுப்ப வேண்டியதுதான்."

"போனைக் கீழ வைங்க!"

கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள் அவர் மனைவி கிருஷ்ணம்மா.

"அது நான் வாங்கினது. நம்ம பேர்ல வந்தா நீங்க பிரிச்சிடுவீங்கன்னுதான் இவ பேர்ல வரவழைச்சேன். நீங்க அதையும் விட்டுவைக்கல!"

"நீயா? நீதான் படுத்ததும் தூங்கிடுவியே!"

"எனக்கில்ல."

"பின்ன?"

"பாட்டுச் சத்தத்தைக் குறைங்கன்னு இந்தப் பொண்ணு எத்தனை தடவை கெஞ்சுச்சு? கேட்டீங்களா? இப்ப குரூப்ல போடுங்க, நான் சொல்றபடி போடுங்க. 'பிள்ளைங்க யாரும் மருந்து சாப்பிட்டுத் தூங்கல. முட்டி வைட்டமின்னு என் பொண்டாட்டி கொடுக்கிற அந்த மருந்தைத் தின்னுட்டு நான்தான் தூங்குறேன். நான் பாடாததால பிள்ளைங்க தானா தூங்குது'ன்னு போடுங்க!"

கனகராஜ் பதில் சொல்ல வாயைத் திறந்தார். கொட்டாவிதான் வந்தது.