கரைத்த சீனி

"உலக்கையாலை அடிச்சது நீதானே பிள்ளை?" என்று கேட்டார் நமசிவாயம் வாத்தியார்.

"ஓம்," என்றாள் குணலட்சுமி. மழுப்புவதற்கு அவளிடம் தெம்பில்லை. அவளுடைய புருசன் முருகேசு மண்டை உடைந்து மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

கோப்பாயில் அந்தக் குறுகிய ஒழுங்கையில் புருசன் பெண்சாதிப் பிரச்சினை என்றால் ஓய்வுபெற்ற வாத்தியாரிடம்தான் வரும். நியாயம் சொல்வதில் மனுசன் கெட்டிக்காரர். அது மற்றவர்களைவிட அவருக்கே நன்றாகத் தெரியும்.

"என்ரை தம்பி இவளுக்கு ஒரு நாள் கை நீட்டினவனோ? குடிச்சுப்போட்டு வந்தவனோ? கேளுங்கோ வாத்தியார்," என்று உறுமினார் முருகேசுவின் தமையன் மார்க்கண்டு.

"இல்லை," என்றாள் குணலட்சுமி. "பதினாலு வருசமா என்னோடை கதைக்கேல்லை. அவ்வளவுதான். பசிச்சா நாயைப் பாத்து, 'சோறு போடச் சொல்லு' எண்டுவார். நான் கேட்டுப் போடவேணும். வெள்ளிக்கிழமை அந்த நாய் செத்துப்போச்சு. குழி வெட்டித் தாட்டுப்போட்டு வந்து விம்மி விம்மி அழுதார். ரெண்டு பிள்ளை என்ரை வயித்திலை அழியேக்கை ஒரு சொல்லுக் கேக்காத மனுசன்."

வாத்தியாரின் மனைவி பாலேஸ்வரி கதவடியில் நின்றாள். பக்கத்து வளவில் குணலட்சுமி அழுவதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனையோ தரம் கேட்டவள். ஒரு நாளும் போய் என்னவென்று விசாரிக்கவில்லை. இப்போது அவளுடைய முகம் வெளிறிப்போயிருந்தது.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? தேத்தண்ணி எங்கை?" என்றார் வாத்தியார். பிறகு மார்க்கண்டுவின் பக்கம் திரும்பிச் சிரித்தார். "உதுக்கு எதையும் நாலு தரம் சொல்லவேணும். மூளை கொஞ்சம் கட்டை."

வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் முப்பது வருசமாக அவர் சொல்லும் பகிடி அது. மார்க்கண்டுவும் மரியாதைக்குச் சிரித்து வைத்தார்.

பாலேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்தாள். சண்டைக் காலத்துப் பொருளாதாரத் தடையில் சீனியைக் கண்ணால் கண்டு மாதக்கணக்காகிவிட்டது. வந்த இரண்டு பேருக்கும் வெறும் தேத்தண்ணியும், கடித்துக் குடிக்க ஒவ்வொரு துண்டு பனங்கட்டியும் கொடுத்தாள். வாத்தியாருடைய கோப்பையில் மட்டும் சீனி கரைத்திருந்தது.

"சீனி எங்காலை?"

"உங்களுக்கெண்டு கொஞ்சம் எடுத்து வைச்சிருந்தனான்." அவள் நீட்டிய கோப்பை தட்டில் கிலுங்கியது.

"ஊத்திப்போடாதை. ஒரு நாளாவது உருப்படியா ஒண்டு செய்திருக்கிறாய்," என்று வாங்கி, சூடு ஆறட்டும் என்று பக்கத்தில் வைத்தார். பிறகு தொண்டையைச் செருமினார். "பிள்ளை, அவன் கதையாமல் விட்டது பிழைதான். எண்டாலும் அது உலக்கை எடுக்கிற அளவுக்குப் பிழையோ?"

குணலட்சுமி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"எடுக்கலாம் எண்டுதான் அண்டைக்கு நினைச்சனான், வாத்தியார். பதினாலு வருசத்தையும் எண்ணிப் பாத்தா நியாயமாத்தான் இருந்தது. அவர் விழுந்த சத்தம் கேட்டாப் பிறகு அதிலை ஒரு நியாயமும் ஞாபகம் வரேல்லை. இப்ப அந்தச் சத்தம் மட்டும்தான் இரவு பகலா என்னோடை கதைக்குது. அவர் எழும்பி வந்து இன்னும் பதினாலு வருசம் கதையாமல் இருந்தாலும் எனக்கு அதுவே காணும்."

மார்க்கண்டு உறுமுவதை விட்டுவிட்டார். பனங்கட்டித் துண்டு அவருடைய உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற பாலேஸ்வரிக்குக் கண் நிறைந்து வழிந்தது. வாத்தியார் அதைக் கவனிக்கவில்லை. வழக்கு நல்லபடி முடிந்த திருப்தியில் கோப்பையை எடுத்து உதட்டுக்குக் கொண்டுபோனார்.

பாலேஸ்வரி ஓடிவந்து அவருடைய கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ, அதைக் குடியாதேங்கோ."