ஒரே இழுப்பு

புல்வெட்டும் மிஷினுக்கு ஒரு பெருமை உண்டு. தோட்டக்காரர் எட்டியப்பன் கயிற்றை ஒரே இழுப்பு இழுத்தால் போதும், கிளம்பிவிடும். "தங்கம்டா நீ!" என்று அவர் தட்டிக்கொடுப்பார்.

ஒருநாள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வழவழப்பான தாள், முழுக்க இங்கிலீஷ். தமிழ் மட்டும் படிக்கிறவருக்கு இங்கிலீஷில் எழுதினால் அவர் என்னதான் செய்வார்? மிஷினின் பிளேடு மூடி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. கடிதத்தை நாலாக மடித்து அந்தச் சந்தில் செருகினார். சத்தம் நின்றது.

செருகின இடத்திலிருந்தே கடிதம் கத்தியது: "அடேய், இந்த மூடி கழன்று விழும், பிளேடு அவர் காலை வெட்டிடும்! உன்னை ஓட்டாதீங்க, திருப்பி அனுப்புங்கன்னு சொல்லத்தான் நான் வந்ததே!"

"அவர்கிட்ட சொல்லேன்," என்றது மிஷின்.

"அவருக்கு என்னைப் படிக்கத் தெரியலையே. நீ கிளம்பாம நில்லு. ரிப்பேர் கடைக்குத் தூக்கிட்டுப் போவார், அங்கே யாராவது என்னைப் படிப்பாங்க."

"ஒரே இழுப்புல கிளம்புறவன்னு பேர் வாங்கியிருக்கேன். மானம் போயிடும்யா. நாளைக்குப் பார்க்கலாம்."

"கால் அவரோடது, மானம் உன்னோடதா?"

மறுநாளும் மிஷின் ஒரே இழுப்பில் கிளம்பியது. வேலியோரம் பாதி முடிவதற்குள் மூடி கழன்றது, பிளேடு அவர் பாதத்தில் பாய்ந்தது.

இப்போது எட்டியப்பன் கட்டுப் போட்ட காலை நீட்டி வாசலில் உட்கார்ந்திருக்கிறார். அவர் மனைவி செண்பகவல்லி கயிற்றை இழுக்கிறாள். பத்து இழுப்பாகியும் மிஷின் அசையவில்லை.

"உனக்கு இழுக்கத் தெரியலை," என்றார் எட்டியப்பன். "என்னை அது ஒருநாளும் ஏமாத்தினதில்லை."