துக்க வீட்டு முட்டைச் சுருள்

“துக்க வீட்ல யாராவது புத்தாண்டு விருந்துக்கு இனிப்பு முட்டை சுருட்டுவாங்களா? வேணும்னா நீங்களே சுருட்டிக்குங்க.”

சொல்லிவிட்டு ஹிசாயோ போர்வை மூடிய கணப்பு மேசைக்கடியில் காலை நீட்டிக்கொண்டு ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தாள். கணவர் கென்சாகுவுக்குச் சுர்ரென்று ஏறியது. புத்தாண்டுக் காலை, மணி ஒன்பது. பத்தரைக்கு எல்லோரும் உட்கார்ந்து காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாகச் சாப்பிடுவது இந்த வீட்டில் இருபத்தெட்டு வருஷ வழக்கம். இந்த வருஷம் வாசலில் புத்தாண்டுக்குக் கட்டும் வைக்கோல் கயிறும் இல்லை, விருந்துக்கான அடுக்குப் பெட்டியில் ஒரு பண்டமும் இல்லை.

“இந்த வீட்ல யாரு செத்தா?”

“நீங்கதானே சொன்னீங்க. போன ஏப்ரல்ல, இதே வாசப்படியில நின்னு. ‘கனாயே செத்துட்டா, எனக்கு இனிமே மகளே இல்ல’ன்னு. பொண்ணைப் பறிகொடுத்து வருஷம் திரும்பல, நான் விருந்து வைக்கணுமா? ஊரு சிரிக்கும்.”

கனாயே கென்சாகுவுக்கு ஒரே பெண். அவர் பேசி முடித்து வைத்திருந்த மாப்பிள்ளையை உதறிவிட்டு, ஏற்கெனவே மணமுறிவு ஆன ஒரு பஸ் டிரைவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு கோபே நகரத்துக்குப் போய்விட்டாள். அன்று கோபத்தில் வாயில் வந்ததைச் சொன்னார். சொன்னதைத் திரும்ப வாங்கும் பழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது.

“சரி, நானே பண்றேன். என்ன பெரிய வித்தை!”

மனைவியின் பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஆறு முட்டையை உடைத்தார். அதில் இரண்டின் ஓடும் சேர்ந்தே விழுந்தது. மீனை அரைத்து அவித்த வெள்ளை மீன் கேக்கைப் பிய்த்துப் போட்டு, சர்க்கரையைக் கொட்டி மிக்ஸியைத் தட்டினார். மூடியை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? சுவரெல்லாம் மஞ்சள்.

“தீயைக் குறைங்க!” என்றாள் ஹிசாயோ, உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல். “மூடி போட்டு மெதுவா வேகணும். ஆபீஸ்ல ஆளுங்களை விரட்ற மாதிரி முட்டையை விரட்ட முடியாது.”

“துக்க வீட்டுக்காரி இவ்வளவு பேசலாமா?”

“ஒன்பது மாசம் அழுதாச்சு. இப்ப பேசறேன்.”

சதுர வாணலியிலிருந்து இனிப்பும் மீனும் கலந்த அந்த வாசனை எழுந்தது. போன வருஷம் இதே அடுப்பங்கரையில் கனாயே நின்றிருந்தாள். சுருளை நறுக்கும்போது கோணலாக வந்த ஓரத் துண்டுகளில் ஒன்றைச் சுடச்சுட அப்பா வாயில் திணித்து, இன்னொன்றைத் தானே விழுங்கினாள். “அழகான துண்டெல்லாம் விருந்தாளிக்கு, ஓரம் நமக்குப்பா!” கென்சாகுவுக்கு மகளைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. இந்த ஒன்பது மாதமும் தினமும் அப்படித்தான் இருந்தது. சொல்லிக்கொள்ளத்தான் வாய் வரவில்லை.

வெந்ததை வரிவரியான மூங்கில் பாயில் கவிழ்த்துச் சுருட்டினார். முதல் சுற்றிலேயே நடுவில் பிளந்துகொண்டது.

“சுருட்டறதுக்கு முன்னாடி கத்தியால லேசா கோடு போடணும்,” என்றாள் ஹிசாயோ.

“கோடெல்லாம் கனாயேதான் போடுவா.”

“யாரு? செத்துப் போனவளா?”

அவர் பாயைப் பிடித்தபடி நின்றார். கண் கலங்கிவிட்டது. சாக்குச் சொல்ல வெங்காயம்கூட இல்லை.

“போதும் ஹிசாயோ. அவ சாகல. நான் சொன்னது தப்பு. அந்த டிரைவரோடவே நல்லா இருக்கட்டும். ஒரே ஒரு தடவை வந்து, இந்தப் பாழாப் போன முட்டையைச் சுருட்டிக் குடுத்துட்டுப் போகச் சொல்லு.”

“நான் கூப்பிடாத நாளா? ‘அப்பா வாயால கூப்பிடட்டும், அதுவரைக்கும் படி மிதிக்க மாட்டேன்’கறா. அவளும் உங்க பொண்ணுதானே!”

“எங்க அந்த போன்? நானே கூப்பிடறேன்.”

முட்டை அப்பிய கையோடு அவர் போனைத் தேடும்போது வாசல் மணி அடித்தது. அப்படியே போய்க் கதவைத் திறந்தார்.

வாசலில் கனாயே. தலை முதல் கால் வரை கறுப்பு உடை. கையில் ஜெபமாலை, அழுது சிவந்த மூக்கு. பின்னால் கறுப்பு டை கட்டிய ஆஜானுபாகுவான ஒருவன், துக்க வீட்டுக்குக் கொடுக்கும் காணிக்கைப் பண உறையை இரண்டு கையாலும் ஏந்தித் தலை குனிந்து நின்றான். அந்த பஸ் டிரைவர்தான்.

அப்பாவைப் பார்த்ததும் கனாயே வீலென்று அலறிப் பின்வாங்கினாள்.

“அப்பா! நீங்க... உயிரோடவா இருக்கீங்க?”

அடுத்த நொடி பாய்ந்து கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் விடவில்லை. கறுப்பு உடை முதுகெல்லாம் மஞ்சளாகும்வரை தடவிக் கொடுத்தார்.

“ராத்திரி பூரா வண்டி ஓட்டிட்டு வர்றோம் மாமா,” என்றான் டிரைவர் தயங்கித் தயங்கி. “அத்தைக்கு எத்தனையோ தடவை போன் போட்டோம், எடுக்கவே இல்ல.”

“யாருப்பா செத்தா? எதுக்கு இந்தக் கோலம்?”

கனாயே கைப்பையிலிருந்து ஒரு தபால் அட்டையை எடுத்து நீட்டினாள். நேற்று மாலைதான் வந்ததாம். சாம்பல் நிறப் பூப் போட்ட துக்க அட்டை. ‘இந்த ஆண்டு எங்கள் வீட்டில் ஒரு சாவு நேர்ந்ததால் புத்தாண்டு வாழ்த்துகளைத் தவிர்க்கிறோம்.’ கையெழுத்து ஹிசாயோவுடையது.

கென்சாகு உள்ளே உட்கார்ந்திருந்த மனைவி பக்கம் திரும்பினார். “ஊர் பூரா இதை அனுப்பி வச்சியா?”

“ஊருக்கு எதுக்கு? ஒண்ணே ஒண்ணுதான் போட்டேன்,” என்றாள் ஹிசாயோ, கடைசி ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்டு. “அதுலயும் செத்தது யாருன்னு எழுத மறந்துட்டேன்.”