சவுரிப் பரீட்சை

பன்னிரண்டு வருஷமாகக் கல்யாணப் பெண்களுக்குச் சவுரி வைத்துப் பின்னிவிடுகிறவள் அசீனா. ஆனாலும் ராஜபாளையம் பியூட்டி பார்லரில் சர்டிபிகேட் இல்லாமல் வேலை இல்லை என்றுவிட்டார்கள். அதற்காகவே ஸ்ரீவில்லிபுத்தூரில் மூன்று மாதம் படித்து, இன்று பரீட்சைக்கு நின்றாள்.

மதுரையிலிருந்து வந்த தேர்வாளர் அம்மாள், அசீனாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாலம்மாளின் சடையைத் தூக்கிப் பார்த்தார்.

"பன்னிரண்டு வருஷ அனுபவமாம். வைக்கோல் வச்சுக் கட்டின மாதிரி இருக்கு. ஒட்டுன இடம் ஊருக்கே தெரியுது."

"மேடம், அவுக வந்து..."

"பேசாதீங்க. அந்தா நிக்கிறாங்களே உங்க டீச்சர், அவங்க சடையைப் பாருங்க. இயற்கைன்னா அது. நீங்க ஃபெயில்."

சொல்லிக்கொண்டே சடையைச் சுண்டி இழுத்தார். பாலம்மாள் அலறிவிட்டாள்.

"எதுக்கும்மா என் சொந்த முடியைப் பிய்க்கிறீக? நான் இவளுக்குத் துணைக்கு வந்தவ."

அசீனா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "மாடலா வாரேன்னு சொன்ன பிள்ளை வரலை மேடம். டீச்சர்தான் எரக்கப்பட்டுத் தலையைக் கொடுத்தாக. காலையில அவுகளுக்குத் தோள் வரைக்கும்தான் முடி."

டீச்சர் சடையை முன்னால் எடுத்துப்போட்டு நீட்டினார். தேர்வாளர் அம்மாள் அதைத் தொடவில்லை. பேனாவைத் திறந்து அசீனாவின் பெயருக்கு நேரே 'பாஸ்' என்று எழுதினார்.